கணக்கில் வராத காலை உணவு

பிம்ப்ரிக் கிளைக்கு நான் மாற்றலாகி வந்த முதல் ஆண்டு அது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியன்று ஓர் அம்மையார் தவறாமல் வருவார். விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கணவருடன் இங்கு வந்து குடியேறியவர். கணவர் போசரியில் ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மையார் விடியற்காலையில் இட்லி அவித்து, தொழிற்சாலை வாயில்களில் விற்பவர். கிளையில் தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த நாள்முதல், முகப்பில் எத்தனை நீண்ட வரிசை இருந்தாலும் என் மேசைக்கே வந்து நிற்பார்.

அவருக்குச் சேமிப்பின் அருமையை எடுத்துச் சொன்னவன் நான்தான். மகள் மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள் என்று கூறியபோது, அவளது மேற்படிப்பை மனத்தில் வைத்து மாதம் 500 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தேன். பதினான்கு மாதங்கள் ஒரு தவணைகூடத் தவறவில்லை. கிளைக் கூட்டங்களில் நான் பெருமையுடன் எடுத்துக்காட்டும் வாடிக்கையாளராக அவர் விளங்கினார்.

பதினைந்தாம் மாதம் மகளையும் உடன் அழைத்து வந்தார். எதிர் நாற்காலியில் அமர்ந்த சிறுமி, நான் படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் மேசை விளிம்பில் தலை சாய்த்து உறங்கிவிட்டாள். நேரம் காலை பதினொன்றரை.

"பள்ளிக்கூடத்திலயும் இப்படித்தான் சார் தூங்குறாளாம். கணக்குல ஏறவே மாட்டேங்குதுன்னு டீச்சர் சொல்றாங்க. ட்யூஷன் வைக்கலாம்னு இருக்கேன். மாசம் எந்நூறு ரூபா கேக்குறாங்க" என்றார் அம்மையார்.

காலையில் குழந்தை என்ன உண்கிறாள் என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். நாலரை மணிக்கு அம்மாவுடன் எழுந்து பாத்திரம் கழுவிக் கொடுப்பாள். ஏழு மணிக்கு ஒரு குவளைத் தேநீரும் இரண்டு காரி பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். "இட்லி இருக்குமே அம்மா?" என்றேன். "அது எண்ணி வச்சது சார். மிஞ்சினாத்தான் அவளுக்கு" என்றார். முன்பு அரை லிட்டர் பாலும் வாரம் நான்கு முட்டையும் வாங்கிக்கொண்டிருந்ததாகவும், "இந்த ஆர்.டி. போட ஆரம்பிச்சதுலேர்ந்து அதை நிறுத்திட்டோம்" என்றும் இயல்பாகச் சொன்னார்.

அவர் என்னைக் குறை கூறவில்லை, நன்றியுணர்வுடனேயே கூறினார். ஆனால் கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தில் நான் மகிழ்ச்சியுடன் பார்த்து வந்த 500 ரூபாய், அந்தச் சிறுமியின் பாலிலிருந்தும் முட்டையிலிருந்தும் வந்த தொகை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வணிகவியல் பயின்றவன் என்ற முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதை நான் அறிவேன். அந்த வரவுக்குரிய பற்று எங்கே எழுதப்பட்டது என்று கேட்க மட்டும் மறந்துவிட்டேன். இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்நிகழ்ச்சியே.

மூளையின் அன்றாடச் செலவு

நமது உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ இரண்டு சதவீதமே. ஆயினும் வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளிடம் இப்பங்கு இன்னும் மிகுதி. நான்கைந்து வயதில் அன்றாடம் செலவாகும் ஆற்றலில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே செல்கிறது என ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மூளை தனக்கென எரிபொருளைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசை நம்பியே அது இயங்குகிறது. முதல்நாள் இரவு எட்டு மணிக்கு உண்ட குழந்தை, மறுநாள் நண்பகல் வரை வேறு உணவின்றி இருப்பின், பதினைந்து பதினாறு மணி நேர இடைவெளி ஏற்பட்டுவிடுகிறது. அந்த நிலையில் வகுத்தல் கணக்கைக் கவனிக்குமாறு அக்குழந்தையிடம் கேட்பது, கையிருப்பில்லாத கணக்கின்மீது காசோலை எழுதுவதற்கு ஒப்பானது.

பசியின் விளைவு இருவகைப்படும். ஒன்று, அன்றைய பசி. கவனம் சிதறும், எரிச்சல் தோன்றும், உறக்கம் வரும். உணவு கிடைத்தவுடன் பெரும்பாலும் இது நீங்கிவிடும். மற்றொன்று, நாட்பட்ட ஊட்டக்குறைவு. கருவுற்ற நாள் தொடங்கிக் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான முதல் 1,000 நாள்களில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. அக்காலத்தில் தாய்க்கும் சேய்க்கும் ஏற்படும் குறைவு, பின்னாளில் வயதுக்கேற்ற உயரமின்மையாகவும் கற்கும் திறனில் தளர்வாகவும் வெளிப்படுகிறது. அதனை முழுமையாக ஈடுசெய்தல் எளிதன்று.

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். மகாராஷ்டிரத்தில் இது 35.2 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். தொழில்வளத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் ஒன்று, குழந்தைகளின் உயரத்தில் நாட்டின் சராசரியை ஒட்டியே நிற்கிறது. வருமானம் உயர்ந்த மாத்திரத்தில் ஊட்டமும் தானாக உயர்ந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெளியில் தெரியாத குறை

வயிறு நிறைந்திருந்தும் ஊட்டம் குறைந்திருப்பது உண்டு. அதே கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுள் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பது கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்தில் இது 68.9 சதவீதம். இரத்தசோகைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. உயிர்வளியை மூளைக்கு எடுத்துச் செல்லும் ஹீமோகுளோபினுக்கும், கவனத்தோடும் நினைவாற்றலோடும் தொடர்புடைய மூளை வேதிப்பொருள்களின் ஆக்கத்துக்கும் இரும்புச்சத்து இன்றியமையாதது. இச்சத்துக் குறைந்த குழந்தை அழுவதில்லை, காய்ச்சலில் படுப்பதில்லை. வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கும், சொன்னதை மறந்துவிடும். ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் அதனைச் சோம்பல் என்றோ மந்தபுத்தி என்றோ எண்ணிவிடுகின்றனர்.

நான் குறிப்பிட்ட சிறுமியை மாநகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு அம்மையாரிடம் வேண்டினேன். ஹீமோகுளோபின் அளவு 8.9 என்று வந்தது. ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைக்கு அது குறைந்தது 11.5 இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மருத்துவர் இரும்புச்சத்து மருந்தும் குடற்புழு நீக்க மாத்திரையும் கொடுத்து, உணவோடு தேநீர் தருவதை நிறுத்தச் சொன்னார். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கின்றன. மலிவானது, பசியை அடக்குவது என்பதற்காக நம் தொழிலாளர் குடும்பங்களில் காலைத் தேநீரே சிறாருக்கும் உணவாகிவிட்டது.

இவ்விடத்தில் நம் ஊரைப் பற்றி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1954ஆம் ஆண்டு பிம்ப்ரியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை, உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் பென்சிலின் தயாரிப்பதற்காக அரசால் நிறுவப்பட்டது. இன்று நாம் காணும் தொழில்நகரம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு தொடக்கம். பிள்ளைகளைக் கொன்ற தொற்றுநோய்களை எதிர்க்க மருந்து செய்த ஊர் இது. நோயும் ஊட்டக்குறைவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தையின் உடலில் உண்ட உணவு ஒட்டாது; ஊட்டமில்லாத குழந்தையை நோய் எளிதில் பற்றும். மருந்தால் பாதிப் போரை வென்றோம். மீதிப் போர் சமையலறையில் நடைபெற வேண்டியுள்ளது.

சென்னையில் முளைத்த எண்ணம்

பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, பள்ளியிலேயே உணவளித்த முன்னோடிகளுள் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்த அத்திட்டம், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு இசையாமையால் 1925இல் நின்றுபோயிற்று. உணவு கல்விச் செலவாகுமா, ஆகாதா என்ற வினா அன்றே ஒரு தணிக்கை வினாவாக எழுந்திருக்கிறது.

அவ்வினாவுக்கு விடை அளித்தவர் பெருந்தலைவர் காமராசர். 1956இல் அவர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையுடன் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. ஊர்மக்கள் தந்த அரிசியும் காய்கறியும் விறகும் அதற்குத் தோள் கொடுத்தன. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பின்வந்த ஆட்சிகள் அதில் முட்டையைச் சேர்த்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நூறாண்டு முயற்சி மதியத்தில் தொடங்கிக் காலையை எட்டியிருக்கிறது.

நாடளவில், 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசியத் திட்டம் தொடங்கியது. பல மாநிலங்கள் அப்போது சமைத்த உணவுக்கு மாறாகத் தானியத்தையே வழங்கின. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே தரப்பட வேண்டும் என ஆணையிட்டது. இன்று பிரதமர் போஷண் என வழங்கும் அத்திட்டத்தின்கீழ், தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், எட்டாம் வகுப்பு வரையிலான மேல்நிலைத் தொடக்கக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் பல ஊர்களில் 'பசத் கட்' எனப்படும் மகளிர் சேமிப்புக் குழுக்களே இவ்வுணவைச் சமைத்து வழங்குகின்றன. அக்குழுக்களுள் பலவற்றுக்கு வங்கிக் கணக்கும் கடனும் உண்டு என்பதால், நமது துறைக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு.

மதிப்பெண்ணில் தெரிந்த பயன்

உணவளித்தால் வருகை கூடும் என்பதை எவரும் ஒப்புவர்; கற்றல் கூடுமா என்பதே கேள்வி. இந்தியக் கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் தேர்வு முடிவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இதற்கு விடை தருகிறது. ஓராண்டுக்கும் குறைவாக மதிய உணவு பெற்ற குழந்தைகளைக் காட்டிலும், ஐந்தாண்டு வரை பெற்ற குழந்தைகளின் வாசிப்பு மதிப்பெண் 18 சதவீதமும் கணித மதிப்பெண் 9 சதவீதமும் மிகுந்திருந்தன. பயன் ஒரே நாளில் தெரிவதில்லை. கூட்டுவட்டிபோல ஆண்டுகளின் தொடர்ச்சியில் அது பெருகுகிறது.

இன்னும் நீண்ட காலக் கணக்கு ஒன்று மத்திய அமெரிக்காவின் குவாட்டமாலாவிலிருந்து கிடைக்கிறது. 1969 முதல் 1977 வரை அங்கு நான்கு சிற்றூர்களில் ஆய்வாளர்கள் உணவளித்தனர். இரண்டு ஊர்களில் புரதம் செறிந்த கஞ்சி. மற்ற இரண்டில் புரதமில்லாத, ஆற்றல் குறைந்த பானம். அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின் அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தபோது, மூன்று வயதுக்குள் கஞ்சி பெற்ற ஆண்களின் மணிநேரக் கூலி, மற்றவர்களைவிட ஏறத்தாழ 46 சதவீதம் உயர்ந்திருந்தது. எந்த வைப்புத் திட்டத்திலும் இத்தகைய வருவாயை நான் கண்டதில்லை.

ஆயினும் உணவு ஒன்றே அனைத்தையும் மாற்றிவிடும் என்று கூறுவது நேர்மையாகாது. ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டில் படிக்க இடமில்லை. வேலை தேடி ஊர் மாறும் குடும்பத்தின் பிள்ளை, நடுவாண்டில் பள்ளி மாறுகிறது. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியுமாகத் தடுமாறுகிறது. விடியலில் வேலை செய்யும் குழந்தைக்கு உறக்கம் போதவில்லை. வறுமை இப்படிப் பல வழிகளில் வகுப்பறைக்குள் நுழைகிறது. அவ்வழிகளுள் நாம் விரைவிலும் குறைந்த செலவிலும் அடைக்கக்கூடியது உணவு என்பதே நமக்குள்ள ஆறுதல். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்.

எது செலவு, எது முதலீடு?

வணிகவியலில் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என இரண்டைப் பிரித்துக் கற்பிப்பர். உடனே பயன் தந்து தீர்ந்துபோவது முன்னது. பல்லாண்டுகள் பயன் தருவது பின்னது. நம் இல்லங்களில் கல்விக் கட்டணமும் தனிப்பயிற்சிக் கட்டணமும் முதலீடு எனவும், பாலும் முட்டையும் செலவு எனவும் எழுதப்படுகின்றன. அதனால் கை இறுகும்போது முதலில் வெட்டப்படுவது பாலும் முட்டையுமே. வளரும் குழந்தையின் ஊட்ட உணவு மூலதனச் செலவு என்பதே சரியான பதிவு.

இங்குள்ள சந்தை விலையில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு முட்டை ஏறத்தாழ 7 ரூபாய். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை அல்லது நிலக்கடலை 3 ரூபாய். ஒரு வாழைப்பழம் 5 ரூபாய். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 15 ரூபாய். பள்ளி நாள்கள் 26 எனக் கொண்டால் மாதம் 390 ரூபாய். அம்மையார் நினைத்திருந்த தனிப்பயிற்சிக் கட்டணத்தில் இது பாதிக்கும் குறைவு. முட்டை உண்ணாதோர் பயறு, பால், கேழ்வரகு ஆகியவற்றைச் சேர்க்கலாம். இங்கு 'நாச்ணி' என விற்கப்படும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி, தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவும்.

அன்றே அம்மையாருடன் அமர்ந்து கணக்கை மாற்றி எழுதினேன். பழைய தொடர் வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்து, 200 ரூபாய்க்குப் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். எஞ்சிய 300 ரூபாய் குழந்தையின் உணவுக்கு. குறைந்த 90 ரூபாய்க்கு ஈடாக நாள்தோறும் இரண்டு இட்லி, எண்ணிக்கைக்கு வெளியே எடுத்து வைக்கப்படும் என்று முடிவாயிற்று. பாத்திரம் கழுவும் வேலையைத் தந்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கூறியபோது, அம்மையார் சிரித்தார். அதற்கு உறுதி எதுவும் தரவில்லை.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

பிற மாநிலங்களிலிருந்து வந்து இங்குப் பணிபுரியும் குடும்பங்கள், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சொந்த ஊரில் குடும்ப அட்டை பெற்றிருப்பின், 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டின்கீழ் இங்குள்ள நியாயவிலைக் கடையிலேயே தானியம் பெறலாம். அட்டையுடன் ஆதார் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

கருவுற்ற பெண்கள் அங்கன்வாடியில் பதிந்துகொள்வது முதல் 1,000 நாள்களுக்கான முதல் காப்பு. தகுதியுடைய தாய்மார்களுக்குப் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தின்கீழ் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் நேரடியாகக் கணக்கில் சேரும். கணக்கு அவர்களது பெயரில், ஆதாருடன் இணைந்து இயங்கும் நிலையில் இருத்தல் அவசியம். இதற்கு உங்கள் கிளை உதவும்.

பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் குழந்தை உட்கொள்கிறதா என்று கேட்டறியுங்கள்.

வசதியுடையோர், வீட்டில் பிறந்தநாளோ நினைவுநாளோ வரும்போது 'திதி போஜன்' முறையில், அருகிலுள்ள அரசுப் பள்ளியின் மதிய உணவுடன் முட்டையோ பழமோ இனிப்போ சேர்த்து வழங்கலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்தல் நன்று.

வீட்டு வேலைக்கு வருவோரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று நாம் விசாரிப்பதுண்டு. காலையில் என்ன சாப்பிட்டது என்றும் சேர்த்துக் கேட்போம்.

ஏழு மாதங்களுக்குப் பின் அம்மையார் மகளுடன் மீண்டும் வந்தார். ஹீமோகுளோபின் 11.2 ஆகியிருந்தது, இன்னும் சிறிது தொலைவு உண்டு. வகுப்பில் அவள் முதலிடம் பெற்றுவிடவில்லை. கணக்கில் 35க்கு மேல் வாங்குகிறாள், வகுப்பில் உறங்குவதில்லை என்று ஆசிரியை கூறினாராம். அன்று பணம் செலுத்தும் படிவத்தை அவளே மராத்தியில் நிரப்பினாள். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. அவளே கண்டுபிடித்து அடித்துத் திருத்தினாள். விதிப்படி, திருத்தப்பட்ட படிவத்தை ஏற்காமல் புதிதாக ஒன்றைக் கொடுத்தேன். சலிப்பின்றி மறுபடியும் எழுதினாள்.

அதன்பின் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்க வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன்: "இந்தப் பணத்தை எதைக் குறைத்துச் சேமிக்கப் போகிறீர்கள்?" விடை அடுப்பங்கரையை நோக்கிச் செல்லுமாயின், தொகையைக் குறைத்து எழுதச் சொல்கிறேன். கிளையின் இலக்கில் அதனால் சிறு குறைவு நேரலாம். அந்தக் குறைவை நான் விரும்பியே ஏற்கிறேன்.